காலாப்பட்டுக்குப் போற ஆட்டோ

இல்லப்பா, காலாப்பட்டு ஹாஸ்டலுக்கு பஸ்ஸு வேணாம், ஆட்டோவுலயே போயிடலாம். ஏறுங்க. ஆங், நான்தான் காலையில போன் பண்ண ஷாஹீன். உங்க பொண்ணு சுமலதாவுக்கு ஒரு வருஷம் சீனியர், காலேஜ்ல ஸ்டூடண்ட் கவுன்சில் பிரசிடெண்ட். அவ கூப்புடுற மாதிரியே அப்பான்னு கூப்புடுறேன், தப்பா எடுத்துக்காதீங்க. அந்தச் சாக்குப்பைய இப்படிக் கால்கிட்ட வைங்க. எதுக்கு வெறும் பை? ஓ... அவ துணிமணிய அள்ளிக்கிட்டுப் போவவா. சரி. வைங்க.

அவளால வர முடியலப்பா, அதான் நான் வந்தேன். போற வழியில உங்ககிட்ட கொஞ்சம் பேசணும். அண்ணே, மெதுவாவே ஓட்டுங்க, ஒண்ணும் அவசரமில்ல.

ரெண்டு பேப்பர் போயிடுச்சு அவளுக்கு. அவ்ளோதான? மறுபடி எழுதிக்கலாம். நானே ஃபர்ஸ்ட் இயர்ல கணக்குல பெயிலு. அட நெசமாத்தான்! அப்புறம் எலெக்ஷன்ல நின்னேன், என் ரூம்மேட்டே எனக்கு ஓட்டுப் போடல. ஏன்டின்னு கேட்டா, நீ ஓயாம பேசுற, எவ சொல்றதையும் கேக்க மாட்டேங்குறன்னா. ஆத்திரமா வந்துச்சு. ஆனா அடுத்த வருஷம் வாய மூடிக்கிட்டு ஒவ்வொரு ரூமாப் போயி உக்காந்து கேட்டேன். ஜெயிச்சேன். இப்ப மறுபடி ஓயாம பேசுறேன், அது வேற விஷயம்.

உங்க பொண்ணும் அப்படித்தாம்பா. பேச்சுப் போட்டிக்கு நான்தான் வம்படியா பேரு குடுக்க வெச்சேன். மேடையில ஏறி மைக்கு முன்னாடி நின்னா பாருங்க, ஒரு வார்த்த வரல. மொத்த ஹாலும் சிரிச்சுது. இனிமே இவ அந்தப் பக்கமே வர மாட்டான்னு நெனச்சேன். அடுத்த போட்டிக்கு மொத ஆளா கை தூக்குறா! டெல்லிக்குப் போற டீம்ல அவ பேரு இருக்கு, சொன்னாளா உங்ககிட்ட? சொல்லலியா... பயந்திருப்பா. கெடைக்கிறத விடக்கூடாதுப்பா. வாய்ப்புங்கறது நமக்காக வாசல்ல வந்து காத்துக்கிட்டு... ஐயோ, சாரிப்பா. மைக்கப் புடிச்சிப் பழகிப்போச்சு, வாயத் தொறந்தாலே பிரசங்கமா வருது.

நீங்களே சொல்லுங்க. போன வருஷம் உங்களுக்கு மல்லாட்டப் பயிரு மொத்தமும் மழையில அழுவிப் போச்சாமே, அவதான் சொல்லிச் சொல்லி அழுதா. அதுக்காக நெலத்த வித்துட்டீங்களா? இந்த வருஷம் வடிகால் வெட்டிட்டு மறுபடி போட்டீங்கள்ல? பயிருக்கு ஒரு நாயம், பொண்ணுக்கு ஒரு நாயமா?

கோவப்படாதீங்க. சரி, நானே சொல்லிடுறேன். நேத்து சாயங்காலம் நீங்க போன்ல பேசுனப்ப நான் பக்கத்துலதான் இருந்தேன். ஸ்பீக்கர்ல இருந்துச்சு. படிச்சிக் கிழிச்சது போதும், மாப்ள பாத்தாச்சு, இனிமே என் மூஞ்சியில முழிக்காதன்னீங்க. அது எப்படிப்பா, கல்யாணமும் பண்ணி வெப்பேங்கிறீங்க, மூஞ்சியிலயும் முழிக்கக் கூடாதுங்கிறீங்க? தெரியும், கோவத்துல வந்த வார்த்த. எங்கம்மா வாயில வராததா. அவ போன வெச்சா. குளிச்சிட்டு வர்றேங்க்கான்னு சொல்லிட்டுப் போனா.

என்னப்பா? ஆமா, சிக்னல்ல காலாப்பட்டுப் பக்கம் திரும்பல. அந்த ரோட்டுல வேல நடக்குது, சுத்திக்கிட்டுப் போறோம்.

நான் பெயிலானப்ப எங்க அத்தா காரைக்கால்லேருந்து கெளம்பி வந்தாரு. அங்க கட்பீஸ் கடை வெச்சிருக்காரு. வந்தா அடிதான்னு கதவுக்குப் பின்னாடி நிக்கிறேன். மார்க்கப் பத்தி ஒரு வார்த்த கேக்கல. சாப்புட்டியாம்மான்னாரு. அவ்ளோதாம்பா. அந்த ஒரு வார்த்தைக்கே நான் மறுபடி புஸ்தகத்தத் தொறந்தேன். நீங்களும் அப்படி இருக்கணும். டிசி கேக்க மாட்டேன், திட்ட மாட்டேன்னு எனக்கு வாக்குக் குடுங்க. தலையாட்டுனாப் பத்தாது, வாயத் தொறந்து சொல்லுங்கப்பா. எறங்கறதுக்கு முன்னாடி சொல்லுங்க.

சரி. சொன்னீங்கள்ல. மாறக் கூடாது.

அண்ணே, அந்த கேட்டுக்குள்ள விட்டுடுங்க. அவசரப் பிரிவு வாசல்ல நிறுத்துங்க.

ரோட்டுல வேலயெல்லாம் ஒண்ணுமில்லப்பா. நீங்க ஒத்தையில பஸ்ஸுல வரணுமே, போன்ல சொல்லாதன்னு வார்டன் சொல்லிட்டாங்க. இப்படி என் கையப் புடிங்க, எறங்குங்க. உசுரு இருக்கு. எதையோ குடிச்சிட்டா, நாங்க கதவ ஒடைச்சித் தூக்கிட்டு வந்தோம். இன்னும் ரெண்டு நாள் போனாத்தான் எதையும் சொல்ல முடியுமாம். விடியக்கால ஒருக்கா கண்ணத் தொறந்தா, வாசலையே பாத்தா. நீங்க வரணும்னு பாத்தாளா, வந்துடுவீங்களோன்னு பாத்தாளா, எனக்குத் தெரியல.

பை ஆட்டோவுலயே கெடக்கட்டும். உள்ள போனதும் மார்க்கக் கேக்காதீங்க. சாப்புட்டியான்னு மட்டும்... இல்லப்பா, அதையும் கேக்காதீங்க. தொண்டையில குழா போட்டிருக்காங்க. சும்மா போயி அவ மூஞ்சியப் பாத்துக்கிட்டு நில்லுங்க.