பளிங்குக்குள் இரண்டு சோடி

இன்னும் கிட்ட வாருங்கள், மக்காள். தேத்தண்ணியைக் குடித்துக்கொண்டே கேளுங்கள், ஒரு கதை சொல்கிறேன். உள்ளே என் மகள் ஜெனீற்றா படுத்திருக்கிறாள். அதனால்தான் குரலைத் தாழ்த்துகிறேன்.

அவள் யாழ்ப்பாணத்து ஆய்வுகூடமொன்றில், தூசியிலும் சிறிய குறைகடத்திப் பளிங்குகளோடு வேலை செய்தாள். பளிங்கில் ஒளி பட்டால் ஓர் இலத்திரன் துள்ளி எழும்புமாம். அது விட்டுப்போன வெற்றிடம் அதைப் போகவிடாமல் இழுத்துச் சோடி சேர்த்துக்கொள்ளுமாம். அந்தச் சோடியை எக்சிற்றோன் என்பாள். ஒளியைக் கூட்டினால் ஒரே பளிங்குக்குள் இரண்டு சோடி. அவை ஒன்றையொன்று இழுக்கின்றனவா, தள்ளுகின்றனவா என்று லேசரால் அளப்பாள்.

"என்னவாம், இழுக்குதோ தள்ளுதோ?" என்று கேட்டேன்.

"இழுக்குதம்மா. ஆனா கனநேரம் இராது. ஒண்டு தன்ரை பலத்தை மற்றதுக்குக் குடுத்திட்டு அணைஞ்சுபோம்."

"பாவம்."

"ஆர் பாவம்? அணைஞ்சதோ, மிஞ்சினதோ?" என்று சிரித்தாள்.

மிஞ்சினதைப் பற்றித்தான் நான் யோசித்தேன். கடலுக்குப் போன என் மனுசனுடைய வள்ளம் திரும்பி வரவில்லை. மகன் டிலோன் மூன்று வருடம் என்று சொல்லிப் பாரிசுக்குப் போனவன், இப்போது ஞாயிறுகளில் கைபேசியில் முகம் காட்டுவான். ஜெனீற்றாவுக்கும் ஜேர்மனியில் இடம் கிடைத்தது. அவளும் மூன்று வருடம் என்றாள். போகுமுன் இங்கே செய்யவேண்டிய கடைசி அளவீடு மட்டும் மிச்சம்.

ஊர்காவற்றுறையிலிருந்து பஸ் ஏறும் நாட்களில் அவள் பையை அடுக்குவது நான்தான். லேசர் வேலைக்குப் போடும் காப்புக் கண்ணாடியும் அதற்குள்தான் இருக்கும்.

"அந்தப் பழைய கண்ணாடியை எறியுங்கோம்மா. நிறம் ஒண்டுதான், ஆனா புது லேசரை மறிக்காது. அந்த ஒளி கண்ணுக்குத் தெரியாது, பட்டாக் கருக்கிப்போடும்."

"உனக்குக் கண் போனா எனக்கு ஆர் ஊசியிலை நூல் கோக்கிறது?" என்று பகிடி விட்டேன்.

பழையதை எறியவில்லை. புதியதன் பெட்டிக்குள் வைத்து மூடினேன். புதியதை இறங்குதுறையில் நின்று கடலில் விட்டேன். அதிக நேரம் எடுக்கவில்லை.

இப்போது அவளுக்கு முகங்கள் தெரிவதில்லை. ஜேர்மனிக்காரர் அனுதாபம் எழுதினார்கள். ஆய்வுகூடத்தார் அவளுடைய கவனக்குறைவு என்றார்கள். அவளும் அப்படித்தான் நம்புகிறாள். "அம்மாக்கு இதெல்லாம் விளங்காது. நான்தானே பாத்துப் போட்டிருக்கவேணும்" என்று என் மடியில் அழுதாள். நானும் அழுதேன், அது பொய்யழுகை இல்லை.

மீன் முள் எடுத்து ஊட்டுகிறேன். தலை இழுத்துப் பின்னிவிடுகிறேன். "நீங்கள் இல்லாட்டி நான் என்னம்மா செய்திருப்பன்?" என்று நேற்றும் கேட்டாள். இதைவிட ஒரு தாய் வேறென்ன செய்ய ஏலும், சொல்லுங்கள்.

உங்கள் வீடுகளுக்கும் மாதா துணை நிற்கட்டும். பெற்ற பிள்ளைகள் ஒருவரும் கடல் கடக்காமல், உங்கள் கைக்குள்ளேயே இருக்கட்டும்.