கல் லாரி மசோதாவுக்கு எழுந்து நின்றவர்

அரியலூர், பெரம்பலூர் வட்டார மக்களின் அன்பைப் பதின்மூன்று ஆண்டுகள் அள்ளிப் பெற்று, சட்டமன்ற உறுப்பினர் பொறுப்பிலிருந்து மனநிறைவோடு விடைபெறும் எங்கள் ஐயா திரு. ந. அரியமுத்து அவர்களுக்கு, தங்கள் அலுவலகப் பணியாளர்கள் மூவரும் அன்போடும் பணிவோடும் வாசித்தளிக்கும் பாராட்டு மடல்.

கொள்ளிடக் கரை காத்த கொள்கைச் செல்வரே! சொன்னதைச் செய்தவரே! செய்ததை மறைக்காமல் சொன்னவரே!

அடைமொழிகள் இன்னும் பதினாறு இருந்தன. எந்தக் கடிதம் வந்தாலும் பேனாவை எடுத்து முதலில் அடைமொழிகளை அடிப்பது தங்கள் வழக்கம். இம்முறை அந்த வேலையை நாங்களே செய்துவிட்டோம். மிச்சமிருப்பவற்றையாவது கண்ணாடிச் சட்டத்துக்குள் இருக்க விடுமாறு வேண்டிக்கொள்கிறோம்.

1971-ஆம் ஆண்டு முதன்முறையாகச் சபைக்குப் புறப்பட்டபோது, அலுவலக வாசல் சுவரில் ஒரு கரும்பலகையை மாட்டச் சொன்னீர்கள். சபையில் வரும் ஒவ்வொரு மசோதாவுக்கும் மானியக் கோரிக்கைக்கும் தாங்கள் எப்படி வாக்களித்தீர்கள் என்பதை அன்றன்றே அஞ்சலட்டையில் எழுதி அனுப்புவீர்கள். 'ஆம்' அல்லது 'இல்லை'; அதனடியில் ஒரே வரியில் காரணம். தட்டச்சர் பூங்காவனம் அதை அப்படியே பலகையில் எழுதுவார். சந்தைக்கு வந்தவர்கள் கத்தரிக்காய் விலையைப் பேசி முடித்து, பலகையையும் ஒரு பார்வை பார்த்துவிட்டுத்தான் பஸ் ஏறினார்கள்.

கொள்ளிடக் கரையைப் பலப்படுத்தும் மானியத்துக்கு, 'ஆம். மழைக்காலத்தில் திருமானூர்க்காரர்கள் தூங்க வேண்டும்' என்று எழுதினீர்கள். பெரம்பலூர்ப் பக்கத்து வறண்ட ஊர்களின் குடிநீர்க் கிணறுகளுக்கு, 'ஆம். போதாது என்று அரைமணி நேரம் சண்டை போட்டுவிட்டு ஆம்.' புதிய விருந்தினர் மாளிகைக்கு, 'இல்லை. பழையதற்கு ஓடு மாற்றினால் போதும்.' உறுப்பினர்களின் படியை உயர்த்தும் மசோதா வந்த வாரம் பலகை முன்னால் கூட்டமே கூடிவிட்டது. அதில் இருந்தது இவ்வளவுதான்: 'இல்லை. ஆனால் நிறைவேறிவிட்டது. வாங்கிக்கொள்வேன்.' டீக்கடைகளில் ஒரு வாரம் இதையே சொல்லிச் சிரித்தார்கள். சிரித்தவர்களில் ஒருவர்கூடத் தங்களைப் பொய்யர் என்று சொல்லவில்லை.

தவறியதும் உண்டு. கரும்பு வெட்டு முறையை ஒழுங்குபடுத்தும் மசோதா ஒன்றுக்கு 'ஆம்' என்று எழுந்துவிட்டு, ஆறு மாதம் கழித்து, 'அது பிழை. முழுதும் படிக்காமல் எழுந்துவிட்டேன்' என்று ஓர் அட்டை அனுப்பினீர்கள். அதையும் பலகையில் எழுதினோம். கரும்புக்காரர்கள் திட்டிக்கொண்டே வந்து, காபி குடித்துவிட்டுப் போனார்கள்.

ஐயா, புகழ்வதோடு இந்த மடல் நின்றுவிடக் கூடாது. ஊர் அறிந்ததுதான் என்றாலும், நாங்கள் செய்த ஒரு குற்றத்தையும் இந்த மேடையில் நின்று ஒப்புக்கொள்ள விரும்புகிறோம்.

1979-இல் சபைக்கு ஒரு மசோதா வந்தது. சுரங்கங்களிலிருந்து சுண்ணாம்புக்கல் ஏற்றிச் செல்லும் லாரிகளுக்கு இவ்வளவுதான் பாரம், பக்கப்பலகைக்கு மேலே கல் நிற்கக் கூடாது, தார்ப்பாய் கட்ட வேண்டும், ஊர்களுக்குள் மெதுவாகப் போக வேண்டும் என்றெல்லாம் அது சொன்னது. இங்கே எல்லோரும் அதைக் கல் லாரி மசோதா என்றே அழைத்தார்கள். அதை ஒழித்துக்கட்ட வேண்டும் என்று முன்னால் நின்றவர் லாரி உரிமையாளர் சங்கத் தலைவர் செல்லதுரை. அவர் தங்கள் துணைவியார் சம்பூர்ணம் அம்மையாரின் உடன்பிறந்த தம்பி. இரண்டு தேர்தல்களில் தங்கள் கொடியைக் கட்டிக்கொண்டு ஓடியவை அவருடைய லாரிகள்தாம்.

அந்தக் கூட்டத்தொடருக்குத் தாங்கள் புறப்படும் முன்பு, கல்லங்குறிச்சி ஆண்டாயி அம்மாள் தடியை ஊன்றிக்கொண்டு அலுவலகத்துக்கு வந்தார். பெருமாள் கோயிலுக்கு நடந்து போனவரின் காலில், வேகமாகப் போன லாரியிலிருந்து ஒரு கல் உருண்டு விழுந்து எலும்பை முறித்திருந்தது. லாரிக்காரர்களிடம் ஏதாவது கேட்டு வாங்கித் தரட்டுமா என்றீர்கள்.

"எனக்கு ஒண்ணும் வேணாஞ் சாமி. எங்காலு ஒடைஞ்சது ஒடைஞ்சதுதான். பின்னால வர்றவளுக்கு மண்டை தப்பணும். அதுக்கு ஒரு வழி பண்ணுங்க" என்றார் அவர்.

தாங்கள் அவருக்கு எந்த வாக்குறுதியும் தரவில்லை. சோடா வாங்கிக் கொடுத்து பஸ் ஏற்றிவிட்டதோடு சரி. எங்களிடமும் ஒன்றும் சொல்லவில்லை.

ஓட்டெடுப்பு நடந்த மறுநாள் அஞ்சலட்டை வரவில்லை. லாரிக்காரர்கள் வாசலை அடைத்துக்கொண்டு நின்றார்கள். எங்கள் ஓட்டுநர் வைரக்கண்ணுவுக்குப் பொறுமை போய்விட்டது.

"சொந்த மச்சினன் பொழப்புல ஐயா மண்ணள்ளிப் போடுவாரா? எழுதுங்க சார், 'இல்லை'ன்னு!"

"காரணம் என்னன்னு எழுதறது?" என்று பூங்காவனம் சாக்பீஸோடு தயங்கினார்.

"காரணந்தான் எதிர்க்க நிக்கிறாரே!" என்று செல்லதுரையைக் காட்டினார் உதவியாளர் ராசாங்கம்.

எல்லோரும் சிரித்தார்கள். எழுதிவிட்டோம்.

அடுத்த நாள் காலை தாங்கள் ரயிலைவிட்டு இறங்கியபோது அரியலூர் பிளாட்பாரத்தில் நாயனமும் தவிலும் முழங்கின. ஆளுயர மாலையைச் செல்லதுரை தங்கள் கழுத்தில் போட்டார்.

"மாமா, எங்க வயித்துல பால வாத்துட்டீங்க!"

"உங்கக்கா கல்யாணத்துக்கே இம்மாம் பெரிய மாலை போடலியேடா மாப்ள. எதுக்கு இது?"

"மசோதாவ எதிர்த்து ஓட்டுப் போட்டதுக்குத்தான். போர்டுல பாத்தோமுல்ல!"

தாங்கள் மாலையைக் கழற்றி அவர் கையிலேயே கொடுத்தீர்கள். "நான் ஆதரிச்சுல்ல எந்திரிச்சேன்!" என்றீர்கள். நாயனக்காரர் பாதி இழையில் நிறுத்திவிட்டார்.

நடந்தது என்ன என்று அப்போதுதான் எங்களுக்குத் தெரிந்தது. மசோதாவை எதிர்ப்பதென்று தங்கள் கட்சி முடிவு செய்திருந்தது. 'ஆம்' என்பவர்களை எழுந்து நிற்கச் சொல்லி எண்ணியபோது, தங்கள் வரிசையில் இருந்த அத்தனை பேரும் உட்கார்ந்திருந்தார்கள். தாங்கள் ஒருவர் மட்டும் எழுந்தீர்கள். பக்கத்தில் இருந்தவர் துண்டைப் பிடித்து இழுத்தும் உட்காரவில்லை.

செல்லதுரை தங்களைத் தனியே இழுத்துக்கொண்டு போனார். நாங்கள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே நின்றதால் எல்லாம் காதில் விழுந்தது.

"மாமா, நீங்க மெட்ராஸ்ல எந்திரிச்சீங்களோ ஒக்காந்தீங்களோ, இங்க யாருக்குத் தெரியப்போவுது? போர்டுல இருக்கறது அப்படியே இருந்துட்டுப் போவட்டும். மாலையப் போட்டுக்கிட்டு வாங்க. இல்லாட்டி அடுத்த எலெக்ஷனுக்கு என் வண்டி ஒண்ணுகூட உங்களுக்கு ஓடாது. அப்புறம் நீங்க வூட்டோட இருக்க வேண்டியதுதான்."

அது வெறும் மிரட்டல் இல்லை என்று எங்களுக்கும் தெரியும், தங்களுக்கும் தெரியும். கட்சியும் கோபத்தில் இருந்தது. லாரிக்காரர்களும் கைவிட்டால் பதவி போய்விடும். ஒரு மாலையைத் திரும்பப் போட்டுக்கொண்டால் போதும், எல்லாம் பழையபடி நடக்கும்.

"சபையில தலைய எண்ணிட்டாங்க மாப்ள," என்றீர்கள் தாங்கள். "இங்க ஒண்ணக் கொறைச்சா அங்க கணக்கு ஒதைக்கும்."

ரயிலடியிலிருந்து அலுவலகம் வரை தாங்கள் நடந்தே வந்தீர்கள். தோள் துண்டால் பலகையைத் துடைத்து, சொந்தக் கையெழுத்தில், 'ஆம். ஆண்டாயி கேட்டார். எனக்கும் சரி என்று பட்டது' என்று எழுதினீர்கள். பிறகு எங்கள் பக்கம் திரும்பினீர்கள்.

"யாருய்யா 'இல்லை'ன்னு எழுதுனது?"

"நான்தாங்க" என்றோம் மூவரும் ஒரே குரலில்.

"மூணெழுத்து எழுத மூணு பேரா? எனக்குப் பதிலா நீங்க ஓட்டுப் போட வேணாம். அதை மட்டும் நானே பாத்துக்கறேன்."

எங்கள் வேலை போய்விடும் என்றே நினைத்தோம். தண்டனை அவ்வளவோடு முடிந்தது. பலகை எழுதும் வேலையும் பூங்காவனத்திடமே இருந்தது.

1980 தேர்தலில் செல்லதுரை சொன்ன சொல் தவறவில்லை. அவருடைய லாரிகள் எதிராளியின் கொடியோடு ஓடின. நமக்கு ஒரு பழைய ஜீப் மட்டும். அந்தக் கோடை முழுவதும் சம்பூர்ணம் அம்மையார், தம்பி வீட்டுக்கு வந்தால் சோறு போட்டார். தேர்தல் பேச்சை எடுத்தால் மோர் ஊற்ற மறுத்தார். ஓட்டுப்பதிவு அன்று கல்லங்குறிச்சிப் பாதையில் பெண்கள் எதிராளியின் கொடியைப் பிடித்துக்கொண்டு லாரி லாரியாகப் போவதைப் பார்த்து, வைரக்கண்ணு ஜீப்பை ஓரமாக நிறுத்திவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

தாங்கள் இருநூற்றுப் பதினேழு ஓட்டில் ஜெயித்தீர்கள்.

ஓட்டு எண்ணி முடித்த அன்று மாலை செல்லதுரை தங்கள் வீட்டுக்கு வந்தார். நிலைப்படியிலேயே நின்றுகொண்டு புலம்பினார்.

"மாமா, ஓட்டுப் போட்ட அன்னிக்குக் காலையிலேருந்து நடையா நடையா அடிச்சு ஏத்திவுட்டேன். ஏறுறப்ப அவன் கொடியப் புடிச்சிக்கிட்டுதான் ஏறுனாளுவ. அந்த ஆண்டாயிக்கு முன்சீட்டே குடுத்தேன்! கல்லங்குறிச்சிப் பெட்டியத் தொறந்து பாத்தா அத்தனை பேரும் உங்களுக்குல்ல குத்தியிருக்காளுவ!"

"டீசலுக்கு நன்றி மாப்ள," என்றீர்கள் தாங்கள். "உள்ள வா. உங்கக்கா மோர் வச்சிருக்கா."

ஐயா, தங்கள் பண்புகளை அடுக்கி எழுத எங்களுக்குத் தமிழ் போதும். தங்களுக்குத்தான் பொறுமை போதாது. அதனால் ஒன்றை மட்டும் சொல்லி முடிக்கிறோம். இந்த முறை நிற்கப்போவதில்லை என்று தாங்கள் சொன்ன அன்று, "இன்னும் ஒரே ஒரு தடவை நில்லுங்க ஐயா" என்று நாங்கள் மூவரும் கெஞ்சினோம்.

"போதும்ப்பா. பதிமூணு வருஷமா நான் பதில் சொன்னேன். இனிமே போற ஆளு சொல்லட்டும். ஒவ்வொரு மசோதாவுக்கும் என்ன பண்ணுனீங்கன்னு நான் போயி கேப்பேன்" என்றீர்கள்.

அடுத்து வரப்போகிறவர் யாராக இருந்தாலும் அவருக்காக நாங்கள் சற்று இரக்கப்படுகிறோம். சட்டமன்றத்துக்கு ஓர் உறுப்பினர் குறைகிறார். நம் தொகுதிக்கோ கேள்வி கேட்கும் வாக்காளர் ஒருவர் கிடைக்கிறார். அந்த வாக்காளர், அம்மையாரோடும் சுற்றத்தோடும், கண்பார்வை குன்றாமல், கால் தளராமல், குரல் தணியாமல் நூறாண்டு கடந்து வாழ்க!

அரியலூர்,
1984

என்றும் தங்கள் அன்பு மறவாத,
பூங்காவனம், தட்டச்சர்
வைரக்கண்ணு, ஓட்டுநர்
ராசாங்கம், உதவியாளர்