கட்டிலில் ஒரு ஜன்னல் சீட்

மும்பையில் வாஷி போகும் லோக்கல் ரயிலில் செம்பூரில் இரண்டு நர்சுகள் ஏறினார்கள். மூத்தவருக்கு மூன்று பேர் சீட்டின் விளிம்பில் நாலாவது ஆளாக இடம் கிடைத்தது. இளையவள் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவள் எங்கள் ஊர்த் தமிழில் பேசியதைக் கேட்டதும் நான் இயர்போனைக் கழற்றிவிட்டேன்.

“யக்கா, நம்ம வார்டு டோம்பிவிலி அங்கிளுக்குக் கட்டில்லயே ஜன்னல் சீட் குடுத்துட்டேன்.”

“என்னட்டி உளறுத?”

“எப்பவும் கட்டில் ஓரத்துக்கு வந்துருதாருல்லா. போன வாரம் விழுந்து நெத்தியில தையல் வேற. அதுக்குத்தான டாக்டர் கையைக் கட்டிலோட சேத்துக் கட்டச் சொன்னாரு.”

“முடிச்சு கையை இறுக்குதான்னு அடிக்கடி பாத்தியா?”

“பாக்கத்தான் போனேன். கட்டை அவுத்துக் கையைத் தடவி விட்டேன். உடனே ஓரத்துக்கு வந்துட்டாரு. பாதிக் கட்டில் காலியாக் கெடக்கே, ஏன் அங்கிள்னு கேட்டேன். ‘மூணு பேர் இருக்காங்கல்ல, நான் நாலாவது’ன்னாரு. ஆபீஸ் போன காலம் பூரா லோக்கல்ல அப்படித்தான வந்திருப்பாரு.”

மூத்தவர் தான் உட்கார்ந்திருந்த விளிம்பைக் குனிந்து பார்த்துக்கொண்டார்.

“அப்புறம்?”

“ஜன்னல் ஆள் எறங்கியாச்சு, உள்ள தள்ளுங்கன்னேன். சொவத்துப் பக்கமா நகந்து படுத்துட்டாரு. கட்டிலை நல்லாத் தாழ்த்திட்டுக் கூடவே நின்னேன். டாக்டரும் வந்து பாத்துட்டுக் கட்டு வேண்டாம்னுட்டாரு.”

“திரும்ப ஓரத்துக்கு வரலியா?”

“இல்லக்கா. கண்ணைத் தொறந்து, நான் நிக்கதப் பாத்தாரு. ‘எவ்வளவு நேரம் நிப்பே, உக்காரும்மா’ன்னு இன்னும் உள்ள தள்ளிக்கிட்டாரு.”