4417ஆம் கொடி

பீர் ஊற்றுவதற்கு முன்னால் குவளையைக் குளிர்ந்த தண்ணீரில் ஒருமுறை அலசிவிட வேண்டும். காய்ந்த குவளையில் நுரை நிற்காது. நீங்கள் பீரே தொடுவதில்லை என்கிறீர்கள். ஷாட்டெட்ஸ் ஊரில் உத்தியோகம் பார்த்துக்கொண்டு பீர் குடிக்காத போலீஸ் அதிகாரியை இப்போதுதான் பார்க்கிறேன். போகட்டும், எழுதத் தெரிந்தால் போதும். நான் சொல்வதை ஒரு வார்த்தை விடாமல் எழுதிக்கொள்ளுங்கள் ஐயா. அழ மாட்டேன், அந்தக் கைக்குட்டைப் பெட்டியை எடுத்து உள்ளே வையுங்கள்.

பெயர் லுட்மிலா வோண்ட்ரோவா, ஊரில் லீடா என்பார்கள். வயது அறுபத்தொன்று. ஊருக்கு வெளியே இருக்கிற ஹாப்ஸ் ஆராய்ச்சிப் பண்ணையில் முப்பத்து மூன்று வருஷமாக ஆய்வுக்கூட வேலை. பீருக்குக் கசப்பும் மணமும் தருகிற அந்தக் கொடியின் பூவை அரைத்து, கசப்பு இவ்வளவு, எண்ணெய் இவ்வளவு என்று அளந்து சொல்வேன். வருஷா வருஷம் ஆயிரக்கணக்கில் புது நாற்று வரும். ஒவ்வொன்றுக்கும் ஓர் எண். தேறாததைப் பிடுங்கி எருக்குழியில் வீசிவிடுவார்கள்.

4417 அப்படித்தான் போனது. கசப்பு போதவில்லையாம். நான் அதன் பூவை உள்ளங்கையில் கசக்கி முகர்ந்திருந்தேன். நனைந்த வைக்கோல், எலுமிச்சைத் தோல், அடியில் பழுக்காத பிளம்ஸ். மேலே இருந்தவர்களிடம் போய்ச் சொன்னேன். “லீடா, உனக்குச் சம்பளம் அளக்கறதுக்கு, மோந்து பாக்கறதுக்கு இல்ல” என்று சிரித்தார்கள். அன்று மாலை எருக்குழியிலிருந்து ஒரு துண்டு வேரைக் கையுறைக்குள் போட்டு வீட்டுக்குக் கொண்டுவந்தேன். குப்பையானாலும் அது பண்ணையின் சொத்து, வெளியே எடுத்துப்போகக் கூடாது. என் முதல் குற்றம் அது, எழுதுங்கள்.

ஒன்பது வருஷம் என் தோட்டத்துச் சுவரோரம் வளர்த்தேன். பூஞ்சை பிடித்தது, செடிப்பேன் பிடித்தது, ஒரு வருஷம் ஆலங்கட்டி மழை மொத்தத்தையும் அடித்துப் போட்டது. பிள்ளை குட்டி இல்லாதவள், வேறென்ன வேலை. மூன்று வருஷத்துக்கு முன் குளிர்காலத்தில் எனக்கு ஒரு காய்ச்சல் வந்தது. காய்ச்சல் போயிற்று, கூடவே மோப்பமும் போயிற்று. அடுப்பில் பால் தீய்ந்தாலும் தெரியாது. அந்த வருஷம்தான் கொடி முதல்முறையாகக் கொத்துக் கொத்தாகப் பூத்துத் தள்ளியது. அதை முகர்ந்து பார்க்க எனக்கு மூக்கில்லை. என் வயிறு எப்படி எரிந்திருக்கும் என்று நீங்களே யோசித்துப் பாருங்கள்.

பக்கத்து வீட்டு யார்மில் ஹன்சல் ரயில்வேயில் சிக்னல் பார்த்து ஓய்வு பெற்றவன். எங்கள் தெருவில் வீட்டிலேயே பீர் காய்ச்சுகிற பதினொரு பேரில் அவன்தான் சூரன். ஓட்டை வாய்தான், ஆனால் அந்த மூக்குக்குக் கோயிலே கட்டலாம். வேலிக்கு மேலே தலையை நீட்டி, “என்ன லீடா, மூக்கை எங்கயாவது அடகு வச்சுட்டியா? கொண்டா இங்க, நான் மோந்து சொல்றேன்” என்றான்.

பூவைக் கசக்கி மூக்கில் வைத்தான். இன்னொரு பூவையும் வாங்கிக் கசக்கி மறுபடி முகர்ந்தான்.

“ஏய், என்ன சாமான் இது? எங்க புடிச்சே?”

சொன்னேன். சொல்லிவிட்டு, “யாராவது கேட்டா ரயில் மேட்டுல தானா மொளச்சுக் கெடந்துச்சுன்னு சொல்லிடு. எனக்கு வேலை இன்னும் ரெண்டு மூணு வருஷம் பாக்கி. பண்ணை பேரு வெளிய வந்தா பென்ஷன் போயிடும்” என்றேன்.

“ரயில் மேடு நம்ம ராஜ்ஜியம் ஆச்சே. ஜமாய்ச்சுடலாம் விடு.”

ஆக, அந்தப் பொய் என்னுடையது. நான்தான் அவனுக்குக் கொடுத்தேன், கூடவே அவன் தோட்டத்தில் நட ஒரு துண்டு வேரும்.

போன வருஷத்துக்கு முந்தின வருஷம் இலையுதிர் காலத்தில் பத்து லிட்டர் மட்டும் காய்ச்சிப் பார்த்தான். எங்கள் ஊர்க்காரர்கள் ஹாப்ஸைக் கொதிக்கும்போது போடுவார்கள், அதோடு சரி. இதை நான் சொன்னபடி, பீர் புளித்து அடங்கிய பிறகு பச்சையாக உள்ளே போட்டான். அப்போதுதான் மணம் முழுசாக இறங்கும். முதல் குவளையை அவன் முகர்ந்து ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல, நான் கண்ணை மூடிக்கொண்டு கேட்டேன். வைக்கோல் என்றான், எலுமிச்சை என்றான், கடைசியில் பிளம்ஸ் என்றான். நான் அழுதேன். அவன் பெண்டாட்டி ரூஷெனா என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டு தானும் அழுதாள். அந்த ஒரு நாளுக்காக அவர்கள் இரண்டு பேருக்கும் நான் நன்றி உள்ளவள்தான்.

ஒன்று கவனித்தேன். பிளாஸ்டிக் பாட்டில்களில் அடைத்திருந்தான். மூன்றாவது வாரம் அவை கல் மாதிரி இறுகிக் கிடந்தன. “பாட்டிலுக்கே சந்தோஷம் தாங்கல” என்று யார்மில் சிரித்தான். சர்க்கரை கொஞ்சம் கூடிப்போயிற்று என்று அவன் நினைப்பு. நான் அப்படி விடுகிற ஆள் இல்லை. குளிர்காலம் முழுக்கச் சமையலறையில் ஜாடி ஜாடியாக வைத்து அளந்தேன். ஈஸ்ட் தின்ன முடியாமல் விட்டுவைத்த சர்க்கரையை இந்தப் பூ உடைத்துக் கொடுக்கிறது. அடங்கிய பீர் மறுபடி புளிக்க ஆரம்பிக்கிறது, அந்தக் காற்றுதான் பாட்டிலை இறுக்குகிறது. எல்லா ஹாப்ஸும் இதைக் கொஞ்சம் செய்யும், 4417 பேராசைக்காரி. வசந்த காலத்தில் யார்மிலிடம் சொல்லலாம் என்று வைத்திருந்தேன்.

வசந்த காலத்தில் அவன் மதுக்கடையில் கதை சொல்ல ஆரம்பித்தான். மார்ச் மாதக் காலை, சிக்னல் சிவப்பு, சிக்னல் அறையிலிருந்து இறங்கி நடந்தானாம், மேட்டில் கொடியாம். அடுத்த தடவை பனிமூட்டம் சேர்ந்தது. அதற்கடுத்த தடவை ஒரு மான் வந்து நின்றது. நானும் அதே மேசையில்தான் உட்கார்ந்திருந்தேன். முதலில் எல்லாம் கதை நடுவே என்னைப் பார்த்துக் கண்ணடிப்பான். ஜூன் மாதத்துக்குப் பிறகு கண்ணடிப்பதை விட்டுவிட்டான். அப்போது புரிந்தது, இவன் பொய் சொல்லவில்லை, நம்பிவிட்டான்.

பிறகு தெற்கே இருந்து ஒரு நாற்றுப்பண்ணைக்காரர் வருவதாகச் செய்தி வந்தது. டிசம்பரில் எங்கள் பதினொரு பேருக்குள் நடக்கிற போட்டிக்கு அவர்தான் நடுவர். பீர் பிடித்திருந்தால் கொடியைப் பதிவு செய்து நாடு முழுக்க விற்பார். அதற்கு ஒரு பெயர் வேண்டும். யார்மில் தன் பெயரையே பெண்பிள்ளையாக்கி ‘யார்மில்கா’ என்று வைத்திருந்தான். வேலியோரம் போய்க் கேட்டேன்.

“யார்மில், அந்தப் பேரு விஷயம் சரியில்ல.”

“உன்னால வெளிய சொல்ல முடியுமா லீடா? சொன்னா பண்ணைக்காரன் உன்னச் சும்மா விடுவானா? உன் நல்லதுக்குத்தான் நான் தலையில தூக்கிச் சுமக்கறேன்.”

“ஒம்பது வருஷம் வளத்திருக்கேன்.”

“வளத்தே, யாரு இல்லேன்னா. மோந்து பாத்து இதுதான்னு சொன்னவன் யாரு? மூக்கு இல்லாதவளுக்கு ஹாப்ஸ் எதுக்கும்மா?”

சிரித்துக்கொண்டேதான் சொன்னான். கெட்டவன் இல்லை. எனக்கு அன்றைக்குச் சாப்பாடு இறங்கவில்லை, அவ்வளவுதான்.

இனி நீங்கள் எழுத வேண்டியது வருகிறது. எங்கள் தெருவில் ஒரு வழக்கம். தன் பீரைத் தானே பார்த்து முடிந்தது என்று யாரும் அடைக்கக் கூடாது. ஆசையில் அவசரப்படுவார்கள் இல்லையா. இன்னொருவர் வந்து, கண்ணாடிக் குழாயை மிதக்கவிட்டு மிச்சச் சர்க்கரையைப் பார்த்து, தொட்டியின் மேல் சாக்பீஸால் ‘ஹொத்தோவோ’ என்று எழுத வேண்டும். முடிந்தது என்று அர்த்தம். அந்த எழுத்து விழுந்த பிறகு யாரும் மறுபேச்சுப் பேச மாட்டார்கள்.

அக்டோபரில் யார்மில் நாற்பது லிட்டர் காய்ச்சினான். பூ போடுவதற்கு முன் மூன்று நாள் அளந்தான், மூன்று நாளும் ஒரே எண், அதாவது புளித்து அடங்கிவிட்டது. எங்கள் ஊரில் அதற்கு மேல் யாரும் அளப்பதில்லை. தொட்டி நிறையப் பூவைக் கொட்டினான். பத்தாம் நாள் சாக்பீஸுக்கு என்னைக் கூப்பிட்டான். நான் இல்லாமல் வேறு யாரைக் கூப்பிடுவான், தெருவிலேயே சரியாக அளக்கத் தெரிந்தவள் நான்தானே.

திங்கட்கிழமை அளந்தேன், இரண்டு புள்ளி எட்டு. மறுபடி அளந்துவிட்டுச் சொல்கிறேன் என்று வந்துவிட்டேன். வியாழக்கிழமை அளந்தேன், இரண்டு புள்ளி ஐந்து. இறங்கிக்கொண்டே இருந்தது, அதாவது இன்னும் புளித்துக்கொண்டிருந்தது. அது எவ்வளவு தூரம் இறங்கும் என்று எனக்கு ஜாடிக் கணக்கில் தெரியும். தொட்டியின் மேல் ‘ஹொத்தோவோ’ என்று எழுதினேன். என் கையெழுத்து எப்போதும் அழகாக இருக்கும்.

பிளாஸ்டிக் பாட்டிலில் அடைத்திருந்தால் ஒன்றும் ஆகியிருக்காது, உண்மைதான். “பெரிய மனுஷன் வர்றார், அவருக்கு லெமனேட் பாட்டில்லயா குடுப்பே?” என்று நான்தான் கேட்டேன். ரூஷெனாவும் தலையாட்டினாள். யார்மில் அப்பாவின் காலத்துக் கண்ணாடி பாட்டில்கள், கம்பி வைத்து மூடி அழுத்துகிற ரகம், எண்பது பரணில் கிடந்தன. அவற்றின் ரப்பர் வளையங்கள் வெடித்துப்போய்க் காற்றை விட்டுக்கொண்டிருந்தன. நான் கடையில் தடிமனான புது வளையம் வாங்கி வந்து அன்பளிப்பாகக் கொடுத்தேன். நுரைக்காக வழக்கம்போலச் சர்க்கரையும் போட்டு அடைத்தான். முதல் மூன்று வாரம் கதகதப்பாக இருக்கட்டும், நிலவறையில் கொதிகலனுக்குப் பக்கத்தில் அடுக்கு என்றேன். இரண்டு பேருமாக எனக்கு நன்றி சொன்னார்கள்.

பாட்டில்கள் வெடிக்கட்டும், போட்டி கெடட்டும், அவன் மூக்கு உடைபடட்டும் என்றுதான் நினைத்தேன். அதற்கு மேல் ஒன்றுமில்லை.

யார்மிலுக்கு முழங்கால் அறுவை நடந்து இரண்டு வருஷமாகிறது, நிலவறைப் படியில் அவன் கால் வைப்பதில்லை என்பதை நீங்கள் எப்படியும் விசாரித்துத் தெரிந்துகொள்வீர்கள். கீழே போய் வருவது ரூஷெனாதான். உருளைக்கிழங்குக்கு, ஊறிய வெள்ளரிக்காய்க்கு, துணி காயப்போட, ஒரு நாளைக்கு நாலு தடவை. அது எனக்குத் தெரியுமா என்று கேட்காதீர்கள். முப்பது வருஷம் பக்கத்து வீடு.

மூன்றாவது வாரம், ஒரு வியாழக்கிழமை, அவள் வேலிக்கு வந்தாள். “லீடா, கீழ நிலவறையில ‘டப்’புனு ஒரு சத்தம் கேட்டுச்சு. எலி எதையாவது தட்டி விட்டிருக்குமோ?”

“எலியாத்தான் இருக்கும்” என்றேன்.

சனிக்கிழமை மதியம் என்னைச் சாப்பிடக் கூப்பிட்டிருந்தாள். மாட்டிறைச்சியும் கிரீம் குழம்பும். மாவு உருண்டையை வேகவைத்து எடுத்து என் முன்னால் வைத்தாள். நான் நூலால் துண்டு துண்டாக அறுத்துக்கொண்டிருந்தேன். “ஒரு பாட்டில் கொண்டாந்து இப்பவே ருசி பாத்துடலாமா?” என்று யார்மில் கேட்டான். போட்டிக்கு இன்னும் ஒரு வாரம் இருந்தது.

ரூஷெனா என்னைப் பார்த்தாள். “என்ன லீடா, எடுக்கலாமா? நீதான் எழுதிக் குடுத்தவ.”

“போய் எடுத்துட்டு வா” என்றேன்.

முதலில் ஒன்று வெடித்தது. அப்புறம் மற்றவை மளமளவென்று வெடித்தன. யார்மில் படி உச்சியில் சுவரைப் பிடித்துக்கொண்டு அவள் பெயரைச் சொல்லிக் கத்தினான். நான்தான் இறங்கிப் போனேன். கழுத்தில் கண்ணாடி. ஆம்புலன்ஸ் வருகிற வரை கையைப் பிடித்துக்கொண்டிருந்தேன். தரையெல்லாம் பீர், நுரை கணுக்கால் வரை. அங்கே என்ன மணம் அடித்ததோ, எனக்குத் தெரியவில்லை.

உங்கள் ஆட்கள் வந்தார்கள், பழைய பாட்டில், விபத்து என்று எழுதி மூடினார்கள். அடக்கத்தின்போது யார்மில் சவப்பெட்டி மேலே விழுந்து, “நான்தான் கொன்னேன், சக்கரையை அள்ளிக் கொட்டி நான்தான் கொன்னேன்” என்று புரண்டான். நான் முதுகைத் தடவிக் கொடுத்தேன். இதுவும் என்னுடையதுதானே, இதையும் தனதென்று எடுத்துக்கொண்டானே என்றுதான் தோன்றியது.

நாலு மாதம் சும்மா இருந்தவள் இன்றைக்கு ஏன் வந்தாய் என்று கேட்கிறீர்கள். கேட்க வேண்டிய கேள்விதான். வெடிக்காமல் தப்பிய ஐந்தாறு பாட்டில்களில் ஒன்றை அந்த நாற்றுப்பண்ணைக்காரர் ருசி பார்த்துவிட்டார். இப்படியொரு மணத்தை இருபது வருஷத்தில் பார்த்ததில்லை என்றாராம். நேற்று மதியம் மதுக்கடையில் எல்லோரையும் கூட்டி வைத்துப் பதிவுக் காகிதத்தைக் காட்டினார்கள். கண்டெடுத்தவர், யார்மில் ஹன்சல். கொடியின் பெயர், ரூஷெனா. அத்தனை பேரும் எழுந்து நின்று கண்ணைத் துடைத்தார்கள். நானும் குவளையோடு எழுந்து நின்றேன்.

ரூஷெனா நல்லவள், அதில் எனக்கு இரண்டு பேச்சில்லை. ஆனால் அவளுக்கு ஒரு ஹாப்ஸுக்கும் இன்னொன்றுக்கும் வித்தியாசம் தெரியாது ஐயா. அவள் பீரில் லெமனேட் கலந்து குடிப்பவள். என் கொடிக்கு அவள் பெயரா? யார்மில்காவாக இருந்திருந்தால்கூட ஒருநாள் சண்டை போட்டு மாற்றியிருப்பேன். செத்தவள் பெயரை எப்படி மாற்றுவது? யாரிடம் போய்க் கேட்பது? இரவெல்லாம் யோசித்துப் பார்த்ததில் இந்த ஒரு வழிதான் தெரிந்தது. உங்கள் காகிதம் நீதிமன்றத்துக்குப் போகும், வக்கீல்கள் படிப்பார்கள், பத்திரிகைக்காரன் போடுவான். யாரும் இதை எருக்குழியில் வீச முடியாது. வேலையும் பென்ஷனும் போனால் போகட்டும்.

எங்கே, இதுவரை எழுதியதைக் காட்டுங்கள். முதல் வரியிலேயே ‘மரணம்’ என்று ஆரம்பித்திருக்கிறீர்கள். அதை அடியுங்கள். ‘நாற்று எண் 4417, வளர்த்தவர் லுட்மிலா வோண்ட்ரோவா’ என்று மேலே பெரிதாக எழுதுங்கள். ரூஷெனா விஷயத்தை, இடம் மிஞ்சினால், அதற்குக் கீழே எழுதிக்கொள்ளலாம்.