ஜாம் பாட்டில் மருந்து

ஹலோ... ம், சொல்லுங்க அண்ணி... இல்ல, தூங்கல. வெங்காயம் உரிச்சுக்கிட்டிருந்தேன், அதான் குரல் அப்படி... அழறதா? அதுக்கெல்லாம் எனக்கு நேரம் ஏது?... ஆமா ஆமா, இப்பதான் கடையில இருந்து வந்தேன். நாள் பூரா திரைச்சீலை தைச்சுத் தைச்சு கழுத்து ஒரு பக்கமா நிக்குது... சரி, என் கழுத்தை விடுங்க... இல்ல இல்ல, பேசுங்க. நீங்க வைக்கறதுக்கு முன்னாடி நான் என்னைக்கு போனை வச்சிருக்கேன்?

உங்க தம்பியா? ஹால்ல இருக்காரு. தொம் தொம்னு சத்தம் கேக்கலையா?... அதேதான். டிவியில ஒரு பொண்ணு குதிக்குது, அது குதிக்கற குதிக்கு இவரும் குதிக்கிறாரு. நடுநடுவுல சிரிங்க சிரிங்கன்னு வேற சொல்லுது அது. இவரு மூஞ்சியைப் பாக்கணுமே... ஆமா... கீழ்வீட்டு வாத்தியாரு துடைப்பக் கட்டையால மேல இடிக்கிறாரு. நேத்து படியில பாத்து, உங்க வீட்டுக்காரர் நடக்கக் கூடாதாம்மான்னாரு. நடந்துட்டு வந்துதான் சார் குதிக்கிறாருன்னேன். தலையில அடிச்சுக்கிட்டுப் போயிட்டாரு.

...இல்ல அண்ணி, குறை சொல்லல. செய்யட்டும். திங்கக்கிழமை கம்பெனி டாக்டர் பாக்கறாரு. ரத்தத்துல கொழுப்பு குறையலேன்னா கிரேன்ல ஏற விடமாட்டேன்னு சொல்லிட்டாரே... ஆமா, கேட்ல உக்கார வச்சிடுவாங்க. வர்ற லாரிக்கும் போற லாரிக்கும் கம்பியைத் தூக்கி விட்டுக்கிட்டு... அதை அவரு தாங்க மாட்டாரு, எனக்குத் தெரியாதா? அவ்வளவு உயரத்துல அந்தக் கண்ணாடிக் கூண்டுல உக்காந்தாத்தான் அவருக்கு மூச்சே வரும். வீட்ல வாயைத் திறக்காத மனுஷன், கிரேனைப் பத்திக் கேட்டா மட்டும் விடிய விடியப் பேசுவாரு.

ம்... ம்... கொடுக்கிறேன். ஒரு நாள் தவறாம கொடுக்கிறேன். கொழுப்புக்குன்னு நீங்க கொடுத்த கேப்சூலை நீங்க சொன்ன மாதிரியே பிரிச்சு, பொடியை ஓட்ஸ் கஞ்சியில கலக்கிடறேன்... இல்ல, அவருக்குத் தெரியாது. முதல்ல கசக்குதுன்னு முகத்தைச் சுளிச்சாரு. கஞ்சி அடிப்பிடிச்சிடுச்சுன்னு சொன்னேன். சமைக்கத் தெரியாதவள்னு பேரு வாங்கிக்கிட்டேன், போங்க... டாக்டர் மாத்திரையா? அதுவும் ராத்திரி போடறாரு... வேணாம் அண்ணி. அதை நிறுத்தச் சொல்லாதீங்க. அது ஒண்ணு மட்டும் வேணாம்.

கால் வலியா? அதைத்தான் சொல்ல வந்தேன்... முழுசா கேளுங்களேன்... வலிச்சாத்தான் கொழுப்பு கரையுதுன்னு அர்த்தம்னு அவருகிட்ட சொன்னீங்களாமே? அதையே பிடிச்சுக்கிட்டாரு. தொடையில கை வைக்க விடமாட்டேங்கறாரு. கேட்டா, கரையுதுடி கரையுதுடிங்கறாரு. இன்னைக்கு கிரேன் ஏணியில பாதி ஏறி அப்படியே நின்னுட்டாராம். காலைத் தூக்கவே வரலையாம். கீழ நிக்கறவங்களுக்குத் தெரியக் கூடாதுன்னு, போல்ட்டைச் சரி பாக்கற மாதிரி கொஞ்ச நேரம் தடவிக்கிட்டே நின்னுட்டு, மெதுவா இறங்கி வந்தாராம். மத்தியானம் போன்ல சிரிச்சுக்கிட்டே சொன்னாரு. எனக்குச் சிரிப்பு வரல.

...பண்ணேனே. உடனே கிளினிக்குக்கு போன் பண்ணேன். ஒரு நர்ஸம்மா பேசினாங்க. நடக்கறது குதிக்கறது எல்லாம் இதயத்துக்கு நல்லதுதான், ஆனா வலி குறையற வரைக்கும் நிறுத்தச் சொல்லுங்கன்னாங்க. ஒண்ணுக்கு கறுப்பா போனா உடனே கூட்டிட்டு வரணும்னாங்க. வந்ததும் கேக்கணும்னு நினைச்சேன், அதுக்குள்ள ஷூவை மாட்டிக்கிட்டு ஆரம்பிச்சாச்சு. சொன்னா கேக்கற ஆளா அவரு? நானும் எவ்வளவுதான் சொல்றது?... ம்... இன்னொண்ணும் கேட்டாங்க. டாக்டர் கொடுத்ததைத் தவிர வேற எதாவது சாப்பிடறாரான்னு.

...இல்லைன்னு சொன்னேன்.

பின்ன? யார்கிட்டயும் மூச்சு விடக் கூடாதுன்னு சத்தியம் வாங்கினது யாரு? தொண்டை வரைக்கும் வந்துச்சு. முழுங்கிட்டேன்.

சரி... சரி அண்ணி... அடுத்த பாட்டிலா? இப்ப எதுக்கு? பாதிக்கு மேல இருக்கே... இல்லையே, நீங்க கொடுத்த ஜாம் பாட்டில்ல பாதிக்கு மேல இருக்கு. உப்பு டப்பாவுக்குப் பின்னாடி ஒளிச்சு வச்சிருக்கேன், இதோ கண்ணு முன்னாடி இருக்கு... தீர்ந்துடுச்சுன்னு யாரு சொன்னா?

...யாரு? உங்க தம்பியா?

அவருகிட்ட எப்ப கொடுத்தீங்க?... வந்திருந்தீங்களே, அன்னைக்கேவா? எனக்குக் கொடுத்த அதே அன்னைக்கா?... அவருக்குத் தனியா ஒரு பாட்டில்... ம். உன் பொண்டாட்டிக்கு ஞாபகம் இருக்காது, நீயே போட்டுக்கடான்னு... ம்... அவகிட்ட சொல்லாதேன்னும் சொன்னீங்களா?... குதிக்கறதுக்கு முன்னாடி முழுங்கறாரா? சீக்கிரம் கரையட்டும்னு அளவுக்கு மேல சேத்துச் சேத்தா?

இருங்க. உக்காந்துக்கறேன்.

...கத்தல அண்ணி. கத்தத் தெம்பு ஏது? உங்க வீட்டுக்கு மருமகளா வந்து தலை நரைச்சுப் போச்சு. ஒரு கேப்சூலைக் கஞ்சியில போடறதுக்குக்கூட என்னை நம்ப முடியலையா உங்களுக்கு?... நல்லதுக்குத்தான். தெரியும். எல்லாமே நல்லதுக்குத்தான் பண்றீங்க. வலிக்குது, அவ்வளவுதான்.

அதை விடுங்க. இதுல என்ன இருக்கு?... மூலிகைன்னா? என்ன மூலிகை? டப்பாவோட கொடுக்காம ஜாம் பாட்டில்ல கொட்டிக் கொடுத்தீங்களே... டப்பாவைப் பாத்தா பயந்துக்குவாரா? சரி. நீங்க சாப்பிடறீங்களே, அந்த டப்பா வீட்ல இருக்கும்ல? எடுத்துட்டு வாங்க... கண்ணாடியைத் தேடிக்கங்க. நான் எங்க போகப் போறேன்?

...ம். படிங்க... பூண்டு. சரி... நிறுத்தாதீங்க... சிவப்பு? சிவப்பு என்னது?... எழுத்துக் கூட்டிப் படிங்க அண்ணி... சிவப்பு ஈஸ்ட் அரிசி.

அய்யோ.

அண்ணி, அந்த நர்ஸம்மா இதைத்தான் பேரு சொல்லிக் கேட்டாங்க! டாக்டர் மாத்திரையில இருக்கற மாதிரி மருந்தே இதுலயும் இருக்குமாம், ரெண்டும் சேந்தா தசையை அரிச்சிடுமாம். அப்படி எதுவும் இல்லைங்கன்னு இந்த வாயாலதான் சொன்னேன்... ஆமா, நான் கஞ்சியில போட்டது, அவரு முழுங்கினது, அதுக்கு மேல டாக்டரோடது... கரையறது கொழுப்பில்ல அண்ணி. உங்க தம்பிதான் கரையறாரு.

இருங்க... சத்தம் நின்னுடுச்சே? ஒரு நிமிஷம்... ஏங்க! ஏன் தரையில உக்காந்துட்டீங்க?... முதல்ல டிவியில அந்தப் பொண்ணை நிறுத்துங்க... ஏங்க, ஒண்ணுக்கு என்ன நிறத்துல போகுது?... உங்க அக்காதான் லைன்ல இருக்காங்க, இதுல என்ன வெக்கம்? சொல்லுங்க!... எப்ப இருந்து?... நேத்து இருந்தா?

கேட்டுச்சா அண்ணி? கறுப்புக் காப்பி மாதிரியாம். உடம்புல இருக்கற கசடெல்லாம் வெளிய போகுதுன்னு சந்தோஷமா இருந்தாராம்... அழாதீங்க. இப்ப அழுதா யாருக்கு என்ன ஆகப் போகுது?

...இல்ல, மறைக்க மாட்டேன். நான் கலந்தேன், அவரு முழுங்கினாரு, நீங்க ரெண்டு பேருக்கும் கொடுத்தீங்க. அப்படியே சொல்லுவேன். ஜாம் பாட்டிலையும் கொண்டு போய்க் காட்டுவேன்... திங்கக்கிழமை கிடக்கு விடுங்க. கேட்லயே உக்காரட்டும். உக்கார ஆளு இருந்தாப் போதும் எனக்கு.

ஏங்க, எந்திரிக்காதீங்க! சுவத்துல சாஞ்சுக்கங்க, வந்துட்டேன்... கார் வாத்தியாருகிட்ட இருக்கு அண்ணி. படியிறங்கிப் போய்க் கூப்பிட நேரமில்ல. துடைப்பக் கட்டை எங்க... இதோ. இன்னைக்கு நான் இடிக்கிறேன். சண்டைக்கு வர்ற வேகத்துல வரட்டும் அந்த மனுஷன், அதான் வேணும்... சார்! மேல வாங்க சார்!

அண்ணி, நீங்க அந்த டப்பாவைப் போட்டோ எடுத்து அனுப்புங்க... ஆமா, ரெண்டு பக்கமும். நான் கிளினிக்குக்குப் பேசணும்... பேசிக்கலாம், எல்லாத்தையும் அப்புறம் பேசிக்கலாம்... அண்ணி... அண்ணி, கேளுங்க. மூத்தவங்கன்னு, நீங்க வைக்கற வரைக்கும் காதுல வச்சுக்கிட்டே நின்னிருக்கேன் இத்தனை வருஷமா. பால் பொங்கினாலும் நின்னிருக்கேன்.

இன்னைக்கு நான் வைக்கிறேன்.