எழுவாய் இல்லாத தலைப்பு

— மார்ச் ஒன்பதாம் தேதி உன் பேப்பர்ல முதல் பக்கத் தலைப்பு தப்பு, தம்பி. நாளைக்குத் திருத்தம் போடணும்.

— இதுக்கா ஆபீஸ் வரைக்கும் வந்த? ஒரு போன் அடிச்சிருக்கலாமேக்கா. உக்காரு. எந்தத் தலைப்பு?

— "சந்தையில் குண்டு வெடித்து ஒன்பது பேர் பலி."

— அதுல என்ன, ஒற்றுப்பிழையா? டீச்சர் ரிட்டயர் ஆனாலும் சிவப்புப் பேனா ரிட்டயர் ஆகல போல.

— தானா வெடிக்க அதென்ன பருத்திக் காயா?

— எல்லாப் பேப்பரும் அப்படித்தான்கா போடுது.

— பலின்னா சாமிக்குக் கொடுக்குறது. வச்சவனும் அப்படி நெனச்சுத்தான் வச்சான். நீ அவனுக்கு ஒத்து ஊதியிருக்க.

— ரெண்டே எழுத்துக்கா. கட்டத்துல அடங்கும்.

— கொன்றான்னு போடு.

— யாருன்னே தெரியாம கொன்றான்னு எப்படிப் போட? எழுவாய் வேணாமா? வேணும்னா மதத் தீவிரவாதின்னு போடுறேன்.

— தீவிரம்னா மும்முரம். காயம்பட்டவங்க படுத்திருக்கிற வார்டுக்கும் அதே சொல்லுதான்.

— சரி, மதவெறியன்?

— வெறி நாய்க்குப் பிடிக்கிறது. நாயா டிபன் கேரியர்ல ஆணியை நெரப்பி மூடிச்சு?

— கேரியரா? நாங்க பைன்னுதானே போட்டோம். போலீஸ்கூட வெளிய சொல்லலையே. உனக்கு யாருக்கா சொன்னா?

— மூணடுக்கு. மேல்மூடி நெளிஞ்சிருக்கும். நான்தான் கழுவிக் கவுத்து வச்சேன். குண்டு வெடிச்ச அன்னைக்குக் காலையில காணோம்.

— அக்கா, மெல்லப் பேசு. கதவைச் சாத்துறேன்.

— சாத்தாத.

— அவன்... எங்க இருக்கான்?

— வீட்டுல தூங்குறான். நல்லாத் தூங்குறான். எழுந்தா சாப்பிடுறான். நானும் போடுறேன்.

— அத்தானுக்குத் தெரியுமா?

— பேப்பர் பாத்துத் தெரிஞ்சுக்கட்டும். நான் இங்கிருந்து நேரா ஸ்டேஷனுக்குத்தான் போறேன்.

— அழக்கூட மாட்டேங்குறியேக்கா.

— வரல.

— ஒரு நாலு நாள் பொறு. வக்கீலைப் பாப்போம். அதுவரைக்கும் "மர்ம நபர்"னு போட்டுக்குறேன். என் தோள்ல வளந்த புள்ளக்கா.

— மர்மமா? அவனுக்குப் பேர் வச்சதே நீதானேடா, தாய்மாமா. அந்தப் பேரை எழுவாயா வச்சு, கொன்றான்னு முடி. எழுது.