தண்ணீர் வைக்காதே

ராத்திரி இரண்டு மணி. ஹைதராபாத் தார்நாகாவில் ஒரு ஆராய்ச்சிக்கூடம்... பேர் வேண்டாம். ஹாஸ்டலிலிருந்து பின்பக்கம், எலிகள் வளர்க்கும் கட்டடம் வரை நீளமான ஒரு தார் ரோடு. மூன்று விளக்குக் கம்பத்தில் ஒன்றுதான் எரியும். அதில் தனியாக நடந்து போகிறான் ஜாய்சன்.

நம் சிநேகிதி எமியின் அத்தை மகன்தான். உயிரியலில் பிஎச்.டி., ஐந்தாவது வருஷம். வர்ஷினி, அதற்குள் 'நக்கோ நக்கோ', வேண்டாம் வேண்டாம் என்று போர்வையை இழுக்காதே. இன்னும் ஒன்றும் ஆகவில்லை.

அவன் செய்ததை முதலில் சொல்லிவிடுகிறேன். போன டிசம்பர். ஒரு சோதனைக்காக எலிகளுக்கு ஒரு ராத்திரி மட்டும் தண்ணீர் கொடுக்கக் கூடாது. அதற்குக் கூண்டில் சிவப்பு அட்டை மாட்டுவார்கள். 'தண்ணீர் வைக்காதே' என்று எழுதி, தேதி போட்டு, கையெழுத்தும் போட வேண்டும். அட்டை தொங்கும் வரை அங்கே வேலை பார்ப்பவர் பாட்டிலைத் தொட மாட்டார். ஜாய்சன் எட்டுக் கூண்டில் மாட்டினான். காலையில் சோதனை முடிந்தது. அட்டைகளைக் கழற்ற மறந்துவிட்டு, கிறிஸ்துமஸுக்கு ஊருக்கு ரயில் ஏறிவிட்டான்.

ஐந்து நாள். செத்தது முப்பத்திரண்டு எலி.

அங்கே வேலை பார்த்தவர் சின்னசாமி. பத்தொன்பது வருஷ சர்வீஸ். வாயில் எப்போதும் புகையிலை, பேச்சுக்கு நடுவே இருமல். முன்பு ஒரு தடவை இரக்கப்பட்டு, அட்டை இருக்கும்போதே தண்ணீர் வைத்து, ஜாய்சனிடமே திட்டு வாங்கியவர். அதனால் இந்தத் தடவை தொடவில்லை.

திரும்பி வந்ததும் முதலில் பார்த்தது ஜாய்சன்தான். எட்டு அட்டையையும் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு, ஹாஸ்டல் மாடியில் கொளுத்திவிட்டான். விசாரணையில் சின்னசாமி, "அட்டை இருந்துச்சுங்க" என்றார். சொல்லிவிட்டு ஜாய்சனைப் பார்த்தார். ஜாய்சன் தரையைப் பார்த்தான்.

'கைக்கு'... ஏன் சொல்லலை என்கிறாய் அல்லவா, வர்ஷினி? பயம். பட்டம் போய்விடுமே என்ற பயம். வேறு பெரிய காரணம் எதுவும் இல்லை.

சின்னசாமியை வேலையை விட்டு அனுப்பினார்கள். நாச்சாரத்தில் ஒரு பாக்டரியில் வாட்ச்மேனாகச் சேர்ந்தார். மார்ச் மாதம் மாரடைப்பில் போய்விட்டார். சாவுக்கும் ஜாய்சன் போகவில்லை. எந்த முகத்தோடு போவது?

இப்போது அந்த ராத்திரிக்கு வருவோம். அதே சோதனை. சாயங்காலம் புது எலிகளுக்கு எட்டு அட்டை மாட்டியிருந்தான். இந்தத் தடவை பாதி ராத்திரி மட்டும்தான்; இரண்டு மணிக்குக் கழற்ற வேண்டும். மொபைலில் மூன்று அலாரம் வைத்து எழுந்து வந்திருக்கிறான், பாவம்.

கதவைத் திறந்தான். ராத்திரியில் எலிகளுக்கு வெளிச்சம் ஆகாது என்று மங்கலாக ஒரு சிவப்பு பல்பு. கூண்டில் பரப்பும் அவித்த உமியின் வாடை. அதோடு... புகையிலை. அந்தக் கட்டடத்தில் புகையிலை போட்டவர் ஒரே ஒருவர்தான்.

டிக்... டிக்... டிக்...

பாட்டில் முனையை எலி நக்கும் சத்தம். எட்டுக் கூண்டிலும். யாரோ தண்ணீர் வைத்திருக்கிறார்கள்.

தரையில் ஈரமான பூட்ஸ் தடம். குழாயடியிலிருந்து கூண்டு வரை போகிறது. திரும்பி வந்த தடம் இல்லை.

மேஜையில் அட்டைகள், ஓரம் தட்டி ஒழுங்காக அடுக்கப்பட்டிருந்தன. எட்டு இருக்க வேண்டும். எண்ணினான். பதினாறு. அடியில் இருந்த எட்டில் டிசம்பர் தேதி... அவனுடைய கையெழுத்து.

ஓடவில்லை. அங்கேயே உட்கார்ந்து அழுதான் என்று எமி சொன்னாள். பயத்தில் இல்லையாம், அவமானத்தில்.

விடிந்ததும் நாச்சாரம் போனான். பாக்டரிக்குப் பின்னால் சந்து, ஒற்றை அறை வீடு. சின்னசாமியின் மனைவி மங்களம் கதவைத் திறந்தார். எல்லாவற்றையும் சொல்லிவிடுவது என்றுதான் போயிருந்தான். தொண்டை வரை வந்துவிட்டது.

"நீங்க வருவீங்கன்னு அவரு சொன்னாரு சார்" என்றார் மங்களம். "நானா எதுவும் கேக்கக் கூடாதுன்னுட்டாரு. கேட்டா சார் வெக்கப்படுவாருன்னாரு."

அவர் எப்போது சொன்னார் என்று கேட்க ஜாய்சனுக்குத் தைரியம் இல்லை. அதைவிடக் கேவலம் ஒன்று உண்டு. கேட்கமாட்டார் என்று தெரிந்ததும் அவனுக்கு நிம்மதியாக இருந்தது. அப்பாடா என்றிருந்தது. அந்த ஒரு நிமிஷத்துக்காக இன்றைக்கும் தன்னைத்தானே காறித் துப்பிக்கொள்கிறான்.

தலையை மட்டும் ஆட்டிவிட்டு வெளியே வந்தான். கதவு பாதி சாத்தியிருந்தது. வாசலில் குனிந்து ஷூ லேஸைக் கட்டிக்கொண்டிருக்கும்போது, உள்ளே இருந்து குரல். இருமிக்கொண்டே பேசும் அதே குரல்.

"சார் சொல்லிட்டாரா?"

மங்களம் மெதுவாகச் சொன்னார்.

"இல்லீங்க."